அலறல் அக்கா

எதிர் வீட்டு அக்காவுக்கு டப்பிங் ஸ்டுடியோவில் வைத்த பெயர் அலறல் அக்கா. திகில் தொடர்களில் யாருடைய கழுத்தை நெரித்தாலும் கத்துவது இவர்தான். தொண்டை கட்டிவிடும் என்பதால் அலறல்களை வேலை முடிகிற நேரத்தில்தான் பதிவு செய்வார்களாம். வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. சாப்பிட்டாயா என்று மகளிடம் சைகையில்தான் கேட்பார்.

அந்தத் தொடர்கள் மட்டும் மகள் கண்ணில் படவே கூடாது என்பதில் அக்கா கறார். டிவியில் அந்தச் சேனலுக்குப் பூட்டு. அதன் ரகசிய எண் வீட்டுக்காரருக்கே தெரியாது.

பூட்டி என்ன செய்ய? கார்ட்டூன் சேனலை நடத்துவதும் அதே நிறுவனம்தான். முயலும் கரடியும் பந்து விளையாடுகிற இடைவேளையில் புதுத் தொடருக்கு விளம்பரம் போட்டார்கள். இருட்டு அறை, கத்தி, அக்காவின் அலறல். முகம் வேறு யாருடையதோ. பெற்றவள் குரல் குழந்தைக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து அக்காவால் குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. "அம்மா, இருக்கியா? அம்மா, பேசு" என்று மகள் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூட வாசலில் பிடித்த கையை விடமாட்டாள். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சேனலுக்கு ஃபோன் போட்டார்.

"வீட்ல லாக் போட்டுக்கலாமே மேடம்?"

"போட்டாச்சு சார். இனி கார்ட்டூனுக்கும் போடணுமா?"

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் மேடம்."

விளம்பரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அக்கா தானே வைத்தியத்தில் இறங்கினார். மகளை மடியில் உட்காரவைத்து, "இங்க பாரு, அம்மா சும்மாதான் கத்துறேன்" என்று ஓர் அலறல். நான் கரண்டியும் கையுமாக ஓடினேன். மேல்மாடியிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மகள் முதலில் ஓவென்று அழுதாள். அப்புறம், "இன்னொரு தடவை" என்றாள். நாளடைவில் அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. அக்கா கத்துவார், இவள் கைதட்டி மார்க் போடுவாள். குளியலறைக் கதவும் சாத்திக்கொண்டது. அக்காவுக்கு நிம்மதி. எனக்குத்தான் ஏனோ மனசு ஒரு நிலையில் இல்லை.

போன வாரம் மறுபடியும் அலறல். விளையாட்டுதானே என்று நினைத்தேன், ஆனால் கால் நிற்கவில்லை, ஓடினேன். கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டி, அக்கா சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். மகள் கூடத்தில் கார்ட்டூன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு அம்மாவுக்குப் பத்துக்குப் பத்து!"