கோடு போட்ட கட்டம்

நிருஜா அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து ருமேனியாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவர். டாக்டர் பட்டம் வரவில்லை, மொழி வந்தது. இப்போது அமெரிக்காவில், எடிசனில் வீட்டிலிருந்தபடியே, விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வேண்டிய ருமேனியச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'முழுமையானது, சரியானது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

அவருடைய பிரிண்டர் பாதி நாள் மக்கர் பண்ணும். பக்கத்து வீட்டுக்காரி நான், என் பிரிண்டரில் எடுத்த தாள்களோடு போய் உட்கார்ந்துகொள்வேன். மங்கிப்போன முத்திரையைக்கூட விடமாட்டார், 'முத்திரை தெளிவில்லை' என்று எழுதுவார். இவ்வளவு கறார் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன மார்ச்சில் வெங்கடகிருஷ்ணனும் அவர் மனைவி ருக்மிணியும் வந்தார்கள். ருக்மிணி முன்பு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர். அங்கே பிறந்த மகள் ரக்ஷாவுக்கு ஒன்பது வயது. வெங்கடகிருஷ்ணனை ருக்மிணி கல்யாணம் செய்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ரக்ஷாவின் கிரீன் கார்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் தந்தை பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

"மேடம், இந்த எடத்துல என் பேரப் போட்டுடுங்க. இப்ப நான்தானே அவளுக்கு அப்பா?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"ஏலாது அண்ணா."

"ஒரே ஒரு பேருதானே மேடம்!"

"ஆபீசர் சான்றிதழையும் என்ட மொழிபெயர்ப்பையும் பக்கத்தில பக்கத்தில வச்சுத்தான் பாப்பார். இல்லாத பேர நான் எழுதினா, பிள்ளையின்ட கேஸே போயிடும். பிறகு அவள் இங்க இருக்கேலாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் தானாக வந்து தகப்பன் என்று நிற்கிறார், அவரிடமா இந்தக் கறார்? நிருஜா அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. 'தந்தை: பெயர் இல்லை, கோடு இடப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் தட்டி, தாளை அச்செடுத்து வைத்தார்.

வெங்கடகிருஷ்ணன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரூல்ஸ் எனக்கும் தெரியும் மேடம். நாளைக்கு அவ பெரியவளாகி இதப் பாத்தா மனசு ஒடஞ்சு போயிடுவா. அதான் கேட்டேன்."

ருக்மிணி மெல்லச் சொன்னார்: "அவளுக்குத் தெரியும்ங்க. போன மாசமே எல்லாம் சொல்லிட்டேன்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அவ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே?"

"உங்களப் பத்தி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'டாட் நம்மகூடவே இருப்பாரா?'ன்னு."

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். ருக்மிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வெங்கடகிருஷ்ணனே அந்தத் தாளை எடுத்து நிருஜா அக்காவின் முன்னால் வைத்தார்.

"இருக்கறபடியே இருக்கட்டும் மேடம். சைன் பண்ணிடுங்க."