அண்ணியின் மொழிக்கு நாங்கள் செய்தது

தான்சானியாவின் தபோராவில் பிறந்து, பாரிஸ் லா சப்பலில் எங்கள் குடும்பத்தின் மூத்த மருமகளாக வாழ்ந்த அண்ணி மறைந்து ஓராண்டு நிறைகிறது. மரண அறிவித்தலில் பிறந்த ஊரைப் போட வேண்டாம் என்று சொன்ன உறவினர்களும் இந்த நினைவு மலரில் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

அண்ணி நியாம்வேசி இனத்தவர். லா சப்பலின் ரூ காய் தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தபோது அண்ணாவும் அவரும் விரும்பி மணந்தார்கள். இரண்டே வருடத்தில் எங்களைப் போலவே தமிழ் பேசினார். ஒரு பிள்ளையின் பூப்பு விழாவான சாமத்திய வீட்டில், எல்லோர் முன்னாலும் எங்கள் பெரியம்மா கேட்டார்:

"உங்கட ஆக்கள் அடிமையளாய் இருந்தவையோ?"

அண்ணி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"இல்லை மாமி. எங்கட ஆக்கள் தந்தமும் செம்பும் கொண்டு மாசக்கணக்காய் நடந்து கடற்கரைக்குப் போன யாவாரியள். சுமை தூக்கினவையும் கூலி பேசித்தான் தூக்கினவை. நியாம்வேசி எண்ட பேரே, மேற்கில இருந்து வாற ஆக்கள் எண்டு கரையில இருந்த சனம் வைச்சதுதான்."

பெரியம்மா சிரித்தார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

மகள் பிறந்ததும் அண்ணி அவளோடு தன் மொழியில் பேசினார். "பிள்ளைக்குத் தமிழ் வராமல் போயிடும் அண்ணி, விடுங்கோ" என்று தடுத்தவள் நான். பாரிஸ் புறநகர் எபினேயில் வளர்ந்த என் பிள்ளைகளோ எனக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறார்கள்! எங்கள் மொழிக்காக ஊர்வலம் போன நாங்கள், வீட்டுக்குள் ஒருவரின் மொழியை வாயடைத்தோம். அதன்பின் தபோராவிலிருக்கும் தன் தம்பியோடு தொலைபேசியில் மட்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணி அதைப் பேசினார்.

சென்ற ஆண்டு மூளையில் இரத்தக்கசிவு. தமிழும் பிரெஞ்சும் போய்விட்டன. தாய்மொழி மட்டும் எஞ்சியது. மூன்று நாட்களாக ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "புலம்புறா" என்றோம். மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தமிழில சொல்லுங்கோ" என்று கதறினாள்.

நான்காம் நாள்தான் அண்ணியின் தம்பியை அழைக்க வேண்டும் என்று அண்ணாவுக்குத் தோன்றியது. தொலைபேசியை அண்ணியின் வாயருகே பிடித்தார். கேட்டுவிட்டுத் தம்பி ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணா எங்களுக்குச் சொன்னார்:

"இடப்பக்கம் நோகுதாம். திருப்பிப் படுக்க வைக்கட்டாம்."

திருப்பினோம். அண்ணி அமைதியானார். மறுநாள் போய்விட்டார்.

அந்த வசனத்தை விளங்கிக்கொண்ட அண்ணியின் தம்பிக்கும், வேலையைப் போட்டுவிட்டு இறுதிச் சடங்குக்கு ஓடிவந்த அண்ணியின் சமையலறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்கி நன்றி சொல்கிறது. மற்ற எவருக்கும், இதை எழுதும் எனக்கும், இந்த மலரில் நன்றி இல்லை.