கழுவ மறுத்த ஏழு பாட்டில்கள்

டெல்லி முனிர்காவில் குடியிருக்கும் உமாமகேஸ்வரி, அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பதினோரு வருடமாகத் 'தற்காலிக' ஊழியர். உப்பு மண்ணிலும் விளையும் கோதுமைக்காக, கோதுமைத் திசுவைக் கண்ணாடி பாட்டில்களில், உப்புக் கலந்த ஊட்டக் கூழில் வளர்ப்பது அவர் வேலை. நானூறு பாட்டில்களில் ஏழுதான் பிழைத்தன. அவையும் வெளிறி மஞ்சளாக இருந்தன.

அமைச்சர் வரும் நாளில் துறைத் தலைவர் சிவஞானம் அவற்றைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, இதென்ன சீக்குக் கோழி மாதிரி? ஜல்தி, கழுவிப் போடு. உப்பு போடாத பச்சை நாத்தை அடுக்கு."

"சார், நாலு வருஷத்துல உப்புல பொழைச்சது இது மட்டும்தான்."

"அமைச்சர் என்ன நக்கியா பார்க்கப் போறாரு?"

உமாமகேஸ்வரி ஒரு தாளை அவர் முன் வைத்தார். "அழிக்கச் சொன்னதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். உடனே கழுவிடறேன்."

நாலு வருட உழைப்பைக் கொட்டச் சொல்லக் கூசாத மனிதருக்கு, பேனாவைத் தொட மட்டும் கை வரவில்லை.

"சரி, எங்கயாவது கண்ல படாம வச்சுத் தொலை."

உப்பையே கண்டிராத நாற்றுகளுக்கு 'உப்பை வென்ற கோதுமை' என்று பலகை வைத்தார்கள். அமைச்சர் கைதட்டினார். சத்தம் கேட்டபோது உமாமகேஸ்வரி பாத்திரம் கழுவும் அறையில் ஏழு பாட்டில்களுக்கும் காவலிருந்தார். எழுந்துபோய், யாரும் வந்து கழுவிவிடாதபடி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.