பத்து பகாட்டுக்கு ஒரே சைக்கிளில்

ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஒரே அறை. நான் குமாஸ்தா. மனைவி ஜோகூரில், பத்து பகாட் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் அவள் ஊரிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர், அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், அக்காவின் கணவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு, "நான் அக்காகிட்ட போகணுங்க" என்றாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

ரயிலில் போக அனுமதிச் சீட்டுக்கு அலைந்தேன். கிடைக்கவில்லை. சைக்கிள் ஒன்று இருந்தது. ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, பின் காரியரில் சாக்கை மடித்துக் கட்டினேன். விடியும்போது கிளம்பினோம். ஜோகூர் பாலத்தில் இறங்கி ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து வணங்கினோம். அவன் எங்கள் மூட்டையைக் கிளறினான். காய்ந்த கிழங்குக்கும் இரண்டு சேலைக்கும் நடுவில், என் பழைய வேட்டியைக் கிழித்து அவள் தைத்த குழந்தைச் சட்டை இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தான். பிறகு போ என்று கையைக் காட்டினான்.

ஜோகூர் ஊரைத் தாண்டியபின் சாலையில் ஆளே இல்லை. இரண்டு பக்கமும் பால் வெட்டாமல் விட்ட ரப்பர் காடு. தண்ணீர் கேட்கக்கூட ஒரு வீடு கிடையாது. மேடு வந்தால் இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். நண்பகலில் பின்சக்கரத்து டியூப் வெடித்தது. ஒட்டுவதற்கு இடமில்லாத அளவு ஏற்கனவே ஒட்டுப் போட்ட டியூப் அது.

வெகுதூரம் தள்ளியபின் அன்னாசித் தோட்டம் ஒன்று வந்தது. குடிசை வாசலில் சீனக் கிழவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். "யாருன்னு தெரியாது, நாம பாட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அதற்குள் அவள் படலைத் திறந்து உள்ளே போய் மலாயில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

கிழவர் டியூபைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அரிவாளோடு கொல்லைக்குப் போய் ஒரு கட்டு லாலாங் புல் அறுத்துக்கொண்டு வந்தார். நாலு பேரும் உட்கார்ந்து அதைக் கயிறுபோல் முறுக்கினோம். அதை டயருக்குள் திணித்துக் கம்பியால் கட்டிக் கொடுத்தார். கிழவி அன்னாசிப்பழத்தை உப்பு தொட்டுத் தின்னச் சொன்னாள்.

"சிங்கப்பூர்ல அரிசி கிடைக்குதா?" என்று கேட்டார் கிழவர்.

"இல்லை" என்றேன்.

"இங்கேயும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான் அவர் எங்களிடம் கேட்டது.

அன்று ஒரு பாழடைந்த கங்காணி வீட்டில் தங்கினோம். மறுநாள் சாயங்காலம் ஆயர் ஹீத்தாம் ஊருக்கு முன்னால், கம்பம் என்று சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தை அடைந்தோம். இந்த முறையும் அவள்தான் முதலில் இறங்கிப் பேசினாள். அங்கே ஒரு வீட்டு அம்மாவை, மலாய்க்காரர்கள் அத்தை முறையில் அழைக்கிற மாதிரி, "மக்சிக்" என்று கூப்பிட்டாள். அடுத்த நிமிடம் இருவரும் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த வீட்டுக்காரரும் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் கிழிந்த மீன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பலகைச் சுவர். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. எனக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"உன் வீட்டுக்காரர் கோபக்காரரா?" என்று மக்சிக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லை மக்சிக். நல்லவர்தான். பேசமாட்டார். நான் சமைக்கிறது பிடிக்குதா இல்லையான்னுகூடத் தெரியல. ஏழு மாசமா முகத்தைப் பார்த்து ஊகிச்சுக்கிட்டிருக்கேன்."

"என் வீட்டுக்காரர் பத்து வருஷம் கழிச்சுத்தான் வாயைத் திறந்தார். இப்ப மூடமாட்டேங்கிறார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டுச்சா?" என்றார் அவர். கேட்டது என்று தலையசைத்தேன். முகம் சுட்டது. கல்யாணத்துக்கு முன் பல வருஷம் குமாஸ்தாக்களோடு ஒரு விடுதியில் இருந்தவன் நான். அங்கே சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிடுவோம், எழுந்திருப்போம். பேசாமல் இருப்பது மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். அது அவளை இப்படி வாட்டும் என்று தோன்றவே இல்லை.

காலையில் மக்சிக் வாழையிலையில் அவித்த கிழங்கும் தேங்காயும் கட்டிக் கொடுத்து வழியனுப்பினார். ஒரு மைல் போயிருப்போம். அவள் பின்னால் இருந்தாள், முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"உன் மீன்குழம்பு நல்லா இருக்கும்."

"எந்தக் குழம்பு?"

"புதுசுல வச்சியே, மாங்கா போட்டு."

"அன்னைக்கு நீங்க உப்பு கேட்டீங்க."

"கேட்டேன். ரெண்டாந்தரம் சோறும் கேட்டேன்ல."

அவள் சிரித்ததில் சைக்கிள் ஆடியது. பிறகு மெதுவாக, "நேத்து நாங்க பேசினது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

ஒரு மேடு ஏறி இறங்கினோம். அப்புறம் பேச ஆரம்பித்தாள். அப்பா செத்தபிறகு அக்காதான் தன்னை வளர்த்தாள் என்று சொன்னாள். சிங்கப்பூரில் முதல் மாதம் முழுக்க அழுதாளாம். எனக்குத் தெரியாது. நானும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. ஊர் வந்துவிடக்கூடாதே என்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். அக்கா குழந்தையோடு வாசலில் நின்றாள். தங்கையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டை குழந்தைக்குப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் இருந்துவிட்டு, அவளை அக்காவுக்குத் துணையாக விட்டு நான் தனியாகத் திரும்பினேன். வழியில் ஆள் தெரிந்த இடத்திலெல்லாம் இறங்கி, என் ஓட்டை மலாயில் பேச்சுக் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் விரட்டவில்லை.

எட்டு மாதம் கழித்து அனுமதி கிடைத்து அவள் ரயிலில் வந்தாள், அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. சயாமுக்குப் போன மனிதர் வரவேயில்லை. அந்தப் பெண் குழந்தை எங்கள் அறையில்தான் நடக்கப் பழகினாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை.