மச்சானின் கோல் கணக்கு

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு தட்டில் நூறு பாகம் வந்தால், ஒழுங்காக இருக்கும் தொண்ணூற்றெட்டை என் கண் பார்க்காது. கோணலாக இருக்கும் இரண்டில்தான் போய் நிற்கும். இந்தப் புத்தி தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. வீட்டில் தோசையின் ஓரத்தைப் பற்றியும் கருத்துச் சொல்வேன். அதற்கு உரிய மரியாதையை என் மனைவி அவ்வப்போது கொடுத்துவிடுவாள்.

தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு ஹாக்கி அணி உண்டு. நாற்பது தாண்டியவர்கள் மட்டும். வாத்தியார், ரயில்வேக்காரர், வங்கிக்காரர் என்று கலந்துகட்டிய கூட்டம். எல்லோரும் கல்லூரி நாளில் ஆடியவர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஆடுகிறவர்கள். என் இடது முழங்கால் மூன்று வருடத்துக்கு முன்பே கைவிரித்துவிட்டதால் நான் மேனேஜர். அதாவது, தண்ணீர் கேன் தூக்குவது, வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்ப்பது, ஒரு நீல நோட்டில் கோல்களைக் குறித்து வைப்பது. மூன்றாவது வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் கோல்கீப்பருக்கு மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை. எல்லோருக்கும் அவர் பாய். ஐம்பதை நெருங்குகிறவர், கடையில் ஒரு ஆணி எடுக்கவும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். கோல்கம்பத்துக்கு நடுவில் நிற்க வைத்தால் மட்டும் வேறு ஆள்.

நாங்கள் ஆடும் மைதானத்தின் வடக்குப் பாதியை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய மண் விழுங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கோல்கம்பமும் மண்ணோடு போயிற்று. மிச்சமிருந்தது ஒரே கோல். கீப்பர் மாட்டிக்கொள்ளும் கால்காப்பு, நெஞ்சுக்காப்பு, தலைக்கவசம் எல்லாமும் ஒரே செட், அதுவும் பாயின் சொந்தச் செட். அதனால் எங்கள் வழக்கம் இப்படி ஆயிற்று: குரோம்பேட்டையோ பெருங்களத்தூரோ, யார் பயிற்சி ஆட்டத்துக்கு வந்தாலும் இரண்டு அணியும் அந்த ஒரே கோலில்தான் அடிக்கும். பந்தைப் பறித்தவர்கள் மண்மேட்டோரம் போட்ட சுண்ணாம்புக் கோடு வரை கொண்டுபோய்த் திரும்பி வந்து அடிக்க வேண்டும். கோலில் பாய் நின்று, கட்சி பேதமில்லாமல் எல்லோரையும் தடுப்பார். கீப்பர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் யார் வருவது என்று வந்தவர்களும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள்.

போன வருடம் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நாற்பது தாண்டியவர்களுக்கு எட்டு அணிகள் மோதும் கோப்பை ஆட்டம் என்று செய்தி வந்தது. உடனே நோட்டைப் பிரித்தேன். கோப்பை தூக்கும் அணி எது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. ஆட்டத்துக்கு இரண்டு கோலாவது போட வேண்டும். ஒன்றுக்கு மேல் வாங்கக் கூடாது. நாங்கள் பத்து ஆட்டத்தில் வாங்கியது ஆறு. அருமை. போட்டது ஏழு. அங்கேதான் இடித்தது. தற்காப்பு முதல் தரம், தாக்குதல் ரிஜெக்ட் என்று முடிவு கட்டினேன்.

ரிஜெக்ட் என்றால் எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? நடு முன்களத்தில் ஆடியவன் பத்து ஆட்டத்தில் இரண்டே கோல். அவன் என் மனைவியின் தம்பி, என் மச்சான். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். நாற்பது வயது முடிய வேண்டும் என்பதற்காகவே பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருந்து எங்கள் அணியில் சேர்ந்தவன். கல்லூரியில் மூன்று வருடமும் அவனைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். கோப்பை ஆட்டம் என்று ஒன்றில் அவன் இறங்கியதே இல்லை. இந்தத் தடவை மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அவனை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் போட்டுக் குழுவில் பட்டியலை அனுப்பினேன். கீழே காரணமும் எழுதினேன்: ‘கோல் விகிதம் போதவில்லை.’ உறவு பார்க்காத நியாயவான் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். மச்சான் ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாகப் போட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் மௌனம். மனைவி சோறு போடுவாள், போதுமா என்று கேட்க மாட்டாள். சாம்பார் வேண்டுமென்றால் நானே எட்டி ஊற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் இப்படி ஓடியது.

மூன்றாவது ஞாயிறு, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அன்று மச்சான் வரவில்லை. அவள் காய்கறிப் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து என்னிடம் வந்தாள்.

“ஏங்க, ரெண்டு டீமும் ஒரே கோல்லதான் அடிக்கிறாங்களா?”

இரண்டு வாரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் வாக்கியம். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன்: வடிகால், மண், ஒரே செட்.

“எப்பவும் இப்படித்தானா?”

“ஆமா. எப்பவும் பாய்தான் நிப்பாரு.”

“அப்ப என் தம்பி இவ்வளவு நாளா நம்ம பாய் மேலதான் அடிச்சிட்டிருந்தானா?”

நான் கையிலிருந்த நோட்டைப் பிரித்தேன். நோட்டில் எங்கள் தற்காப்பைத் தூக்கி நிறுத்தியதும் பாய்தான், எங்கள் தாக்குதலைப் படுக்க வைத்ததும் பாய்தான். ஒரே மனிதரை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒன்றுக்கு மாலை போட்டு இன்னொன்றை ஒதுக்கியிருக்கிறேன். அளக்கும் கருவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் பாகத்தை அளக்க வேண்டும் என்று எங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்வோம். சொல்கிறவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை. மார்க்கெட்டில் அன்று அவள் கத்தரிக்காய் பொறுக்கும்போது நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் சேலையூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனேன். டிவி முன்னால் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான்.

“பாய் மேல அடிச்சத வெச்சு உன்ன எடை போட்டுட்டேன்டா.”

“தெரியும் மாமா.”

“எப்பலேர்ந்து?”

“மொத வாரத்துலேர்ந்து. டீம் மொத்தத்துக்கும் தெரியும்.”

“ஒருத்தர்கூட சொல்லலையே.”

“நீங்க நோட்ட எடுத்துட்டா யாரு பேசறது? நான் சொன்னா, சாக்கு சொல்றான்னு அதையும் எழுதிப்பீங்க.” ஒரு பட்டாணியை உரித்துப் போட்டுவிட்டுச் சொன்னான். “காலேஜ்ல உக்கார வெச்சாங்க, சரி, அவங்க வேத்து ஆளுங்க. நீங்களும் உக்கார வெச்சதுதான் மாமா கஷ்டமா போச்சு.”

வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு என்று அவனிடம் சொன்னேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் அதிகம் செலவு செய்ததில்லை. பிறகு, அவனுக்கு முன்னாலேயே குழுவில் எழுதினேன்: ‘என் கணக்கு தப்பு. நடு முன்களத்தில் பழைய ஆளே.’ பதினைந்து கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பாய் மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பினார். “இன்னா சார், இப்பத்தான் தெர்தா?”

வண்டலூரில் முதல் ஆட்டம் தொடங்கிய நாலாவது நிமிடம் மச்சான் ஒரு கோல் அடித்தான். அடித்துவிட்டு அப்படியே நின்றான். பந்து உள்ளே போனதை அவனாலேயே நம்ப முடியவில்லை. அன்று அவன் அடித்தது மொத்தம் மூன்று. ஒரு வருடமாகக் கோலையே பார்க்காத எங்கள் ரயில்வேக்காரரும் ஒன்று போட்டார். அடுத்த ஆட்டத்திலும் அடிமேல் அடி. ஒரு வருடம் பாயிடம் பட்டினி கிடந்தவர்களுக்குக் கல்யாணப் பந்தி கிடைத்த மாதிரி இருந்தது. அதே சமயம், நான் முதல் தரம் என்று முத்திரை குத்திய தற்காப்பு வரிசையைத் தாண்டி எதிரணிக்காரர்கள் தாராளமாக வந்துபோனார்கள். பாய் நின்றதால் பிழைத்தோம்.

இறுதி ஆட்டம். கடைசி நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது எதிரணிக்காரர் ஒருவர் கோல் வாசலில் பந்தைக் காலால் நிறுத்த, எங்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கீப்பர் மட்டும் எதிரே, ஒரே அடி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மச்சானைக் காட்டினேன். ஓரத்தில் அவன் மகள் அம்மாவின் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடித்தான். பந்து வலது மூலையில் புகுந்து வலையில் விழுந்தது. விசில்.

அவனைத் தூக்குவதற்கு எல்லோரும் ஓடினார்கள். அவன் ஒருவர் கையிலும் சிக்காமல், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பாய் நிற்கும் கோலை நோக்கி ஓடினான். நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். பாய் தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, இந்த அடியா? நம்ம கிரவுண்டா இருந்தா நான் புடிச்சிருப்பேன்.”

“தெரியும் பாய்,” என்றான் மச்சான். நாற்பத்தொரு வயது ஆள், அவர் நெஞ்சுக்காப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.