மெஷினுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

என் மாமாவை பாட்டில் கம்பெனியில் நேரில் சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கழுகு என்பார்கள். அவருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அம்மாவின் தம்பி. ஆள் பார்க்கக் கழுகு மாதிரியெல்லாம் இருக்க மாட்டார். குட்டை, சின்னத் தொப்பை, இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஒரு முகம். கண் மட்டும்தான் கழுகு.

அவருடைய வேலை பார்ப்பது. மருந்து ஊற்றுகிற கண்ணாடி பாட்டில்கள் உலையிலிருந்து வந்து ஆறி, ஒரு பெல்ட்டில் வரிசையாகப் போகும். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளிச்சம் அடிக்கிற திரை. இந்தப் பக்கம் ஆளுக்கொரு நாற்காலி. அதில் உட்கார்ந்து போகிற பாட்டில்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் குமிழி, உருகாத கல், வாயில் கீறல், கோணல் கழுத்து, எது இருந்தாலும் கையை நீட்டி எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட வேண்டும். உடைத்து மறுபடியும் உலைக்கே அனுப்பிவிடுவார்கள். இதென்ன பிரமாதம் என்று நானும் நினைத்தேன். காலேஜ் லீவில் ஒருநாள் விளையாட்டாக உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பாட்டிலும் ஒரே பாட்டிலாகிவிட்டது. தலை சுற்றி எழுந்துவிட்டேன். மாமா சிரித்தார்.

"போனதையே நினைச்சிட்டிருக்கக் கூடாது பாப்பா. பாத்தியா, விட்டுடு. அப்பத்தான் அடுத்தது கண்ணுல படும்."

வீட்டிலும் அவர் அப்படித்தான். "கல்யாணத்துல யார் யாரைப் பாத்தீங்கன்னு கேட்டா, எல்லாரையும் பாத்தேன்பாரு. ஒரு பேர் சொல்லத் தெரியாது" என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். "டேய், அது என் டம்ளர். உன் கம்பெனியுது இல்ல" என்று அம்மா பிடுங்கிக்கொள்வாள். மீசை முளைத்த வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்தச் சம்பளத்தில்தான் கல்யாணம் செய்தார், இரண்டு பையன்களைப் படிக்க வைத்து வெளியூர் அனுப்பினார். தான் பார்த்து விட்ட பாட்டிலில்தான் ஊர்க் குழந்தைகள் இருமல் மருந்து குடிக்கின்றன என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. வெளியே சொல்ல மாட்டார். யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.

படிப்பு முடிந்ததும் அந்தக் கம்பெனிக்குத்தான் நான் பாட்டில் பார்க்கிற கேமரா மெஷினோடு வேலைக்குப் போனேன். வாங்கச் சொன்னது நான் இல்லை. ஆனால் பொருத்தி, பழக்கி, ஓட விட்டது என் கை. வேலை தற்காலிகம்தான். மெஷின் ஒழுங்காக ஓடினால் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கேமரா ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றிப் படம் எடுக்கும். குறை இருந்தால் பக்கத்துக் குழாயிலிருந்து காற்று பீய்ச்சி அதைத் தொட்டிக்குள் தள்ளும். கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. மாமா முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா இருந்தாள். முழங்கால் வரை பின்னல் தொங்கும். அதனால் ஜடையக்கா. பெல்ட்டில் மாட்டிவிடும் என்று அதைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு வேலை செய்வாள். கடைசியாகப் போனவள் அவள்தான். போகும்போது என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாமாவை மட்டும் விட்டுவிடச் சொல்லி நான் மேனேஜரிடம் போய் நின்றேன். மெஷினுக்கு அப்புறம் இன்னொரு முறை பார்க்க ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று ஏதோ உளறினேன். அவர் உடனே சரி என்றார். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

மெஷினுக்குப் பின்னால் மாமாவுக்கு நாற்காலி போட்டோம். திரை, பெல்ட், வெளிச்சம் எல்லாம் பழையபடிதான். வருகிற பாட்டில்தான் எல்லாம் நல்ல பாட்டில். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை மடியில் கிடக்கும். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து பெல்ட்டைத் துடைப்பார், தரையைத் துடைப்பார். தரை துடைக்கிற வேலைக்காரர் வந்து, "சார், என் பொழப்பையும் நீங்களே பாத்துட்டா நான் எங்க போறது" என்று துணியை வாங்கிக்கொள்வார். போகும்போது மெல்லக் கேட்பார் மாமா. "இன்னிக்கும் ஒண்ணுகூட இல்ல, இல்லியா பாப்பா?" ஏதோ வீட்டில் கஷ்டம் சொல்கிற குரலில் கேட்பார்.

ஒருநாள் கடைத்தெருவில் மாமாவுக்கு எதிரே ஜடையக்கா வந்திருக்கிறாள். இவர் சட்டென்று பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அது குழந்தைத் துணிக் கடை. என்ன வேண்டும் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒரு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டைவிரல் அளவு காலுறை. "யாருக்குங்க இது?" என்று அத்தை கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய சிரிப்பாகிவிட்டது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளைப் பார்க்க முகமில்லை என்று என்னிடம்தான் சொன்னார்.

அப்புறம் ஒருநாள் மாமா பாட்டிலைப் பிடித்தார்.

"பாப்பா, இங்க வா" என்று குரல் கேட்டு ஓடினேன். அவர் கையில் ஒரு பாட்டில், அதன் தோள்பட்டையில் பட்டாணி அளவு குமிழி. குருடனுக்குக்கூடத் தெரியும். மெஷின் எப்படி விட்டது என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து வாய் கீறல். அதற்கப்புறம் கல். காலைக் கூட்டத்தில் மேனேஜர் அவரை முன்னால் நிறுத்தி, மெஷின் விட்டதை மனுஷன் பிடித்தான் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். என் வேலை நிரந்தரமாவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டினேன். கேமராவைத் துடைத்தேன், விளக்கை மாற்றினேன். மாமா வந்து என் தோளில் தட்டினார். "மெஷின் நல்லதுதான் பாப்பா. சின்னக் குழந்தை மாதிரி. போகப் போகப் பழகிக்கும்." முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. மாமா மறுபடி வாய்விட்டுப் பேசுகிறார், சாப்பிடும்போது பாட்டெல்லாம் முணுமுணுக்கிறார் என்று அத்தை அம்மாவுக்குப் போன் செய்து மகிழ்ந்தாள். என் தலை உருளுகிறது, இவர் பாடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு ஜோடிக் கண்ணும் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்து ஜடையக்காவைத் திரும்பக் கூப்பிட்டனுப்பினார். அவள் ஒரு சலவைக் கடையில் ஹோட்டல் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்த அன்றைக்குப் பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே மாமாவிடம் சொன்னாள். "எல்லாம் உங்க புண்ணியம் அண்ணே. வீட்ல விளக்கேத்தி வெச்ச மாதிரி இருக்கு."

மாமா தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் பாட்டில் எதுவும் பிடிக்கவில்லை.

மூன்று பாட்டில்களையும் நான் என் மேஜையில் வைத்திருந்தேன். மெஷின் இவற்றை எந்தக் கோணத்தில் தவறவிட்டது என்று பார்க்க, அது எடுத்துச் சேமித்திருந்த படங்களைத் தேடினேன். குமிழி பாட்டிலின் படம் கிடைத்தது. பட்டாணி அளவு குமிழி, தோள்பட்டையில், அதே இடத்தில். மெஷின் அதைத் தவறவிடவே இல்லை. குறை என்று தள்ளியிருந்தது. கல் பாட்டிலையும் தள்ளியிருந்தது. வாய் கீறியதையும் தள்ளியிருந்தது. தொட்டிக்குள் விழுந்த பாட்டில் தானாக எழுந்து வந்து பெல்ட்டில் ஏறாது. யாராவது எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தினமும் எல்லோருக்கும் முன்பே வந்து, தன் வேலை இல்லாவிட்டாலும் தரை துடைக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

உடைந்த கண்ணாடி மேட்டுக்குப் பக்கத்தில், கை கழுவுகிற குழாயடியில் மாமாவைப் பிடித்தேன்.

"மாமா, அந்த மெஷின் ஒவ்வொரு பாட்டிலையும் படம் எடுத்து வெச்சுக்கும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"தள்ளிவிட்டதையுமா?"

"ஆமா மாமா."

கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். "பாத்துட்டு விட்டுடும்னு நினைச்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. என் சோற்றில் மண் போடப் பார்த்தீர்களே என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. குழாயை மூடினார், மறுபடி திறந்தார். காது மடல் எல்லாம் சிவந்திருந்தது. என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் என் முன்னால் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குத்தான் கூசியது.

"சம்பளம் வாங்கிட்டு வாசல் தாண்டறப்போ யாரோ பின்னாடியே திருடன்னு கூப்பிடற மாதிரி இருக்கும் பாப்பா."

"நீங்க அப்ப ஒண்ணும் திருடலியே மாமா."

"சும்மா வாங்கிட்டிருந்தேனே, அது என்ன?" குழாயை இறுக்கி மூடினார். "உன் வேலைக்கு ஆபத்துன்னு சத்தியமா எனக்குத் தோணல. நீ படிச்சவ, உனக்கென்னன்னு நினைச்சேன். வா, நானே சொல்லிடறேன்."

மேனேஜர் அறையில் மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், மூன்று பாட்டிலையும் தானே எடுத்து வைத்ததை. என் மருமகள் மேல் தப்பில்லை என்று இரண்டு தரம் சொன்னார். மேனேஜர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க போய் உக்காருங்க சார்."

மாமாவுக்குப் புரியவில்லை. "என்னை வேலையை விட்டுத் தூக்கலியா?"

"உங்களை எப்படித் தூக்கறது? ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு மனுஷன் பாத்து அனுப்பணும்னு மருந்துக் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்துல எழுதி வெச்சிருக்கான். அந்த நாற்காலில ஒருத்தர் இருந்தாப் போதும். நீங்க ஏதாவது கண்டுபிடிக்கணும்னு யாரும் கேக்கல."

அன்றைக்கு என் பேச்சுக்கு உடனே சரி என்றாரே, அது எதற்கென்று இப்போது விளங்கியது. மாமாவுக்கும் விளங்கியிருக்கும். இத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்தவருக்கு, கெட்டது செய்தால் கோபித்துக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை. திட்டியிருந்தால் அவர் நிமிர்ந்து வெளியே வந்திருப்பார்.

"அப்ப அந்த அம்மா தேவைப்படாது. நீங்களே சொல்லிடுங்க" என்றார் மேனேஜர், கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டே.

மாமா நகரவில்லை. வாயைத் திறந்தார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள்தான் வேண்டுமென்றால் அவளை வைத்துக்கொண்டு என்னை அனுப்புங்கள் என்று சொல்ல வருகிறார். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் மேனேஜரின் மேஜையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பதிலாக நானாவது சொல்லியிருக்கலாம். என் நிரந்தர உத்தரவு அந்த மேஜையில் எங்கோ இருந்தது. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்தோம்.

ஜடையக்கா திரைக்கு முன்னால் தன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா எதையும் மறைக்கவில்லை. பாட்டில் எடுத்தது, பையில் போட்டது, ஒப்பந்தம், ஒரு ஆள் போதும் என்பது, எல்லாம் சொன்னார். அறைக்குள் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னார். அது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாத விஷயம்.

அவள் துடைக்கிற துணியை மடித்தாள். சலவைக் கடையில் படிந்த பழக்கம் போல, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள்.

"என் எடத்துல வேற பொண்ணு வந்தாச்சு அண்ணே அங்க."

மடித்த துணியை நாற்காலியின் மேல் வைத்தாள்.

"சும்மா உக்காந்திருக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க. அது ஒண்ணைச் செய்ய முடியலியா உங்களால?"

"முடியலம்மா" என்றார் மாமா.

அவள் தொப்பியைக் கழற்றினாள். பின்னல் அவிழ்ந்து முழங்கால் வரை விழுந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போனாள். பெல்ட்டை ஓட விடச் சொல்லி மேலேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். மாமா போய் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நான் பெல்ட்டைப் போட்டேன்.