முன்னால் நடந்தவர்

மழைநீர்க் கால்வாய்க்காகத் திருவொற்றியூரில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கடைக்குப் போய்த் திரும்பிய என்னைப் பார்த்து, அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் சேற்றில் இறங்கி முன்னால் நடந்தார். "நான் கால் வெச்ச எடத்துலயே வெச்சுகினு வாக்கா, ஒண்ணும் ஆவாது."

என் கால் எழவில்லை.

அப்பா ராணுவத்தில் இன்ஜினியர். எல்லையில் கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை போடுவது அவர் வேலை. பாதையைப் போட்டவரே அதில் முதலில் நடந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் அவர் தடத்தில் கால் வைத்துப் பின்னால் வருவார்கள்.

ஓய்வுபெற்று வந்த புதிதில் ஒருநாள் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஈர மணலில் அவர் தடங்கள் பெரிதாகப் பதிந்தன. என் தம்பி அவற்றில் குதித்துக் குதித்து வந்தான். திரும்பிப் பார்த்த அப்பா அவனை ஓங்கி அறைந்தார். பிறகு மண்டியிட்டு, வந்த வழியெல்லாம் தன் தடங்களைக் கையால் அழித்தார். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"புள்ள வெளாடிகினு வர்றான். அதுக்கு இன்னாத்துக்கு அடிக்கிறீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"நான் நடந்தப்ப வெடிக்கல," என்றார் அப்பா. "பின்னால ஒரு பையன் மூட்டையத் தூக்கிட்டு வந்தான். என் தடத்துலதான் கால் வெச்சான்."

அன்றிலிருந்து சாகும்வரை அவர் எங்களுக்குப் பின்னால்தான் நடந்தார்.

"இன்னாக்கா, பயமா கீதா?" சேற்றில் நின்றபடி அந்த இளைஞர் கேட்டார்.

"இல்லப்பா, நான் சுத்திகினு வரேன்," என்று திரும்பினேன். என் வீடு எதிரில்தான் இருந்தது.